கல்லூரிக்கு எங்களை அனுப்பிவைக்கிற சபைக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய போதகர் ஐயாமார்களுக்கும், மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் முதுகலை கடைசி வருடம் படிக்கிறேன். பள்ளி முடித்துக் கல்லூரிக்குக் கிளம்பிய சமயத்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் முன்னால் அழைத்து, முழங்கால்படியிடச் சொல்லி, தலைமேல் கைவைத்து ஜெபித்தீர்கள். அந்தக் கைகளின் பாரம் இன்னும் என் தலையில் இருக்கிறது. விடுதி அறையில் முதல் வாரம் தூக்கம் வராமல் புரண்ட இரவுகளில் அந்த ஜெபத்தைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அதற்கு முதலில் நன்றி சொல்லவேண்டும். இந்த மடலில் சில கடினமான வார்த்தைகள் வரும். நன்றி மறந்தவள் பேசுகிறாள் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஆளுக்கொரு புத்திமதி சொன்னீர்கள். “போனை அளவா வச்சுக்கோம்மா.” “பசங்களோட பேச்சுவார்த்தை வேண்டாம்.” “உடுத்துறதுல கவனமா இரு.” “யாரோட சேருறேன்னு பாத்துக்கோ.” கடைசியாக ஒரு மூப்பர் என் கையைப் பிடித்து, “சாட்சியைக் கெடுத்துக்காம திரும்பி வந்துரும்மா” என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எல்லாமே அன்பினால் சொன்னதுதான். ஆனால் அத்தனை புத்திமதியையும் சேர்த்துப் பார்த்தால் கெட்டுப்போகாதே என்ற ஒரே சொல்தான் மிஞ்சுகிறது. எதில் வளரவேண்டும், எப்படி வளரவேண்டும், யாரோடு சேர்ந்து வளரவேண்டும் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. பத்திரமாகத் திரும்பி வருவதையே குணத்தில் வளர்ந்ததாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களோ என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் எனக்கு வந்த சோதனைகளில் பெரும்பாலானவை நீங்கள் எச்சரித்த பக்கத்திலிருந்து வரவில்லை.

இரண்டாம் வருடம், வேதியியல் ஆய்வகம். பியூரெட் என்கிற, அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே குடுவையில் இருக்கிற அமிலம் மங்கலான ரோஸ் நிறத்துக்கு மாறி நிற்கிற அந்த ஒரு சொட்டைப் பிடிக்கவேண்டும். அடுத்தடுத்து எடுக்கிற ரீடிங் ஒத்துவரவேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது. நேரம் முடியப்போகிறது. பக்கத்தில் நின்ற தோழி தன் நோட்டைத் திருப்பிக் காட்டி, “இதையே எழுதிருடி, எல்லாரும் இதான் எழுதியிருக்காங்க” என்றாள். எழுதினேன். மூன்று வரியிலும் ஒரே எண். கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அன்றிரவு வழக்கம்போல வேதத்தைத் திறந்து, அன்றைய பகுதியை வாசித்து, அட்டவணையில் டிக் அடித்துவிட்டுப் படுத்தேன். ஒன்றும் உறுத்தவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னைப் பயப்படுத்துவது அந்த உறுத்தாமைதான். போன் அளவோடு இருந்தது, உடுப்பு ஒழுங்காக இருந்தது, எந்தப் பையனோடும் பேச்சில்லை. நீங்கள் வாசலில் சொன்ன கணக்கில் நான் நல்ல பிள்ளை. என் நோட்டில் மூன்று பொய் இருந்தது.

பத்து நாள் கழித்து, தியான நேரத்தில் எபேசியர் 4ஆம் அதிகாரம் வந்தது. “பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்.” அந்தப் ‘பிறன்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. இரண்டு நாள் இழுத்தடித்து, மூன்றாம் நாள் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் விசுவாசி இல்லை. திட்டவும் இல்லை. அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்து, “நாளைக்கு வந்து திரும்பச் செய்” என்றார். மறுநாள் தனியாக நின்று செய்தபோதுதான் கவனித்தேன், பியூரெட்டின் திருகுக்குக் கீழே ஒரு துளி எப்போதும் தொங்கிக்கொண்டே இருந்தது. கசிவு. என் எண்கள் ஒத்துவராததற்கு அதுதான் காரணம். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் முதல் நாளே அது வெளிப்பட்டிருக்கும். மதிப்பெண் குறைந்தது. தன்னையும் மாட்டிவிடுவேனோ என்ற பயத்தில் தோழி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ரோமர் 5:4 உங்களுக்கு மனப்பாடம். பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்கிறார் பவுல். சின்ன வயதில் அதைக் கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பரீட்சைதான் என் கண்முன் வரும். கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் டொகிமே. சோதித்துப் பார்த்துத் தேறிய தன்மை என்று அதற்குப் பொருள். பிலிப்பியர் 2:22இல் தீமோத்தேயுவைப்பற்றி எழுதும்போதும் பவுல் இதே சொல்லைத்தான் போடுகிறார். அங்கே நம் தமிழ் வேதாகமம் அதை ‘உத்தமகுணம்’ என்று தருகிறது. ஓரிடத்தில் பரீட்சை, இன்னோரிடத்தில் குணம், மூலத்தில் ஒரே வார்த்தை. இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஆய்வக மேசை எனக்கு ஆண்டவர் வைத்த பரீட்சை. முதல் தடவை தோற்றேன். திரும்ப எழுத வைத்தார். எந்தப் பரீட்சையும் வராமல் எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும் என்று நீங்கள் ஜெபிக்கும்போது, எதைத் தடுக்கும்படி கேட்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள் ஐயா.

இன்னொன்று சொல்லவேண்டும். இது அதைவிடக் கஷ்டமானது.

எங்கள் விடுதி மாடியில் வெள்ளிக்கிழமை இரவு ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஜெபிப்போம். என் அறைத்தோழி அந்தக் குழுவில் இல்லை. அவள் கிறிஸ்தவளும் இல்லை. ஒரு நாள் விளக்கை அணைத்த பிறகு, அப்பா அம்மா பிரியப்போகிறார்கள் என்று இருட்டில் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பு கேட்டபோது, “பேரு வேண்டாம், என் ரூம்ல இருக்கிற ஒருத்தி வீட்ல ரொம்பக் கஷ்டம்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் அறையில் இருந்தது இரண்டே கட்டில். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்க நின்றவளிடம் ஒரு பெண் போய், “கவலைப்படாதே, உங்க வீட்டுக்காக ஜெபிக்கிறோம்” என்று சொல்லியிருக்கிறாள். அறைத்தோழி உள்ளே வந்தாள். தன் மேசையை இழுத்து எதிர்ச்சுவர் பக்கம் போட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “உன் சாமிகிட்ட சொல்றதுன்னா சொல்லிக்கலாமே. அவங்ககிட்ட ஏன் சொன்ன?”

பதில் இல்லை. இன்று வரை இல்லை.

நல்ல பிள்ளைகள் செய்கிற பாவங்கள் என்று ஒரு வகை உண்டு. அதைப்பற்றி யாரும் எங்களை எச்சரிப்பதில்லை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் புறம்பேசுவது, பரிசுத்தம் என்ற பெயரில் விழுந்துபோன தோழியை ஒதுக்குவது, மதிப்பெண் வாங்குவதை ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்லி, வாங்காதவளைத் தலைகுனிய வைப்பது. தீத்து 2:3இல் முதிர்வயதுள்ள ஸ்திரீகள் ‘அவதூறுபண்ணாதவர்களாய்’ இருக்கவேண்டும் என்று வருகிறதே, அங்கே மூலத்தில் இருக்கிற சொல் தியாபொலொஸ். பிசாசுக்கு வேதம் கொடுக்கிற அதே பெயர். நாவைப்பற்றி வேதம் எவ்வளவு கடுமையாக இருக்கிறதென்று பாருங்கள். நாம் உடுப்பின் நீளத்தைப்பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருந்தால், அந்த வெள்ளிக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்று மட்டும் சொன்னாள், மேசை எதிர்ச்சுவரிலேயே இருந்தது. அந்த செமஸ்டர் முழுக்கத் தேவைக்குமேல் பேச்சில்லை. கடைசித் தேர்வுக்கு முந்தின இரவு, “காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி விடுறியா?” என்று கேட்டாள். நான் நாலரைக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஆவியின் கனியில் நீடியபொறுமை என்று ஒன்று இருப்பதை கலாத்தியர் 5:22இல் எத்தனையோ தடவை ஒப்பித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டவள் மன்னிக்கப்படுகிறவரை காத்திருக்கிற பொறுமையும் அதற்குள் அடக்கம் என்று அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து, சாந்தம். இந்த ஒரு சொல்லைப்பற்றி உங்களிடம் வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டும். பெண்பிள்ளைகளுக்கான கூட்டங்களில் 1 பேதுரு 3:4ஐ அடிக்கடி எடுப்பீர்கள். “சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி.” எனக்கு அந்த வசனம் மிகவும் பிடிக்கும், ‘இருதயத்தில் மறைந்திருக்கிற குணம்’ என்று அதே இடத்தில் வருகிற சொற்றொடரைவிட அழகாகக் குணத்தைப்பற்றி யாரும் சொன்னதில்லை. ஆனால் அதைப் பேசாமலிரு என்ற பொருளில் எங்களுக்குக் கற்பித்துவிட்டீர்கள். “நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்” என்று மத்தேயு 11:29இல் ஆண்டவர் தம்மைப்பற்றிச் சொல்கிறபோது வருவதும் அதே கிரேக்கச் சொல்தான். பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 சொல்வது மோசேயை. அவர் பார்வோன் முன்னால் போய் நின்றவர். பிரதான ஆசாரியனுடைய சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, சாந்தமுள்ள நம் ஆண்டவர் மௌனமாக இருக்கவில்லை. “நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார்.

இதை நான் வேதபாட ஆர்வத்தில் மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, ஊழியத்தில் மதிக்கப்பட்ட ஒருவர் நள்ளிரவில் தகாத செய்திகளை அனுப்பினார். அவள் அந்தச் செய்திகளை எடுத்துக்கொண்டு பொறுப்பில் இருந்த ஒருவரிடம் போனாள். “சாந்தமா இரு, பெருசாக்காதே, ஊழியம் கெட்டுப்போகும்” என்று பதில் வந்தது. அவள் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. அவளுக்குக் குணம் குறைவு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பயத்தோடு நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்லப் போனவள் அவள். உங்களிடம் ஒரு பெண் அப்படி வந்தால், முதலில் அவளை உட்காரவைத்துக் கேளுங்கள். நம்புங்கள். அந்த நேரத்தில் அவளுக்குச் சாந்தத்தைப் பிரசங்கிக்காதீர்கள்.

கற்பைப்பற்றியும் இதே வருத்தம் எனக்கு உண்டு. வாலிபர் கூட்டத்தில் பரிசுத்தம் என்ற தலைப்பு வந்தாலே பெண்களைத் தனி அறைக்கு அனுப்புகிறீர்கள். 1 தீமோத்தேயு 4:12ஐத் திறந்து பாருங்கள். வார்த்தையிலும், நடக்கையிலும், அன்பிலும், ஆவியிலும், விசுவாசத்திலும், ‘கற்பிலும்’ மாதிரியாயிரு என்று பவுல் எழுதியது ஓர் இளைஞனுக்கு. தீத்து 2ஆம் அதிகாரத்தில் பாலிய ஸ்திரீகளிடம் எதிர்பார்க்கிற ‘தெளிந்த புத்தி’யை அடுத்த வசனத்திலேயே பாலிய புருஷரிடமும் கேட்கிறார். எங்களைக் காவல்காப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்து, எங்கள் தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒன்றும் சொல்லாமல் விட்டால், அது வேதத்தின் பாதியைக் கிழித்துவிட்டு வாசிப்பதாகும்.

குணசாலி என்ற சொல்லும் எங்களுக்குக் கல்யாணப் பேச்சோடு சேர்ந்தே வருகிறது. நீதிமொழிகள் 31ஐ, நல்ல மனைவி ஆவதற்கான தயாரிப்பாகவே கேட்டு வளர்ந்தோம். அந்தப் பகுதி ஒரு தாய் தன் ராஜ மகனுக்குக் கொடுத்த உபதேசத்தோடு தொடங்கும் அதிகாரத்தில் இருக்கிறது. 10 முதல் 31 வரையுள்ள 22 வசனங்களும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களில் வரிசையாகத் தொடங்குகிற கவிதை. அதில் ‘குணசாலி’ என்பதற்கு மூலத்தில் இருக்கிற ஹாயில் என்ற சொல் பெலத்தைக் குறிப்பது. நியாயாதிபதிகள் 6:12இல் தூதன் கிதியோனைப் “பராக்கிரமசாலியே” என்று கூப்பிடுகிறபோது வருவதும் அதுவே. இனி ரூத் 3:11. “நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்.” வயலின் சொந்தக்காரர் போவாஸ் அதைச் சொன்ன நேரத்தில் ரூத் யாருடைய மனைவியும் இல்லை. அந்நிய தேசத்தில் பிறந்த விதவை; வயலில் கதிர் பொறுக்கித் தன் மாமியாரைக் காப்பாற்றியவள். எபிரெய வேதாகமத்தின் முழுமையான கையெழுத்துப் பிரதிகளில் மிகப் பழையதான 1008ஆம் ஆண்டுப் பிரதியில் நீதிமொழிகளுக்கு அடுத்த புத்தகம் ரூத். குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார் என்று கேட்டு முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் அவள் நிற்கிறாள். கல்யாணம் ஆவதற்கு முன்னே, ஆகாமலே போனாலும்கூட, ஒரு பெண் குணசாலியாக இருக்கமுடியும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். முப்பது வயது தாண்டிய அக்காமார் சிலர் அதைக் கேட்க ஏங்குகிறார்கள்.

கேள்விகளுக்கு வருகிறேன். கல்லூரிக்குப் போன முதல் வருடமே எனக்குக் கேள்விகள் வந்துவிட்டன. நல்லவர்களுக்கு ஏன் இவ்வளவு வேதனை, ஆதியாகமத்தை எப்படி வாசிப்பது, ஆண்டவரை அறியாத என் அறைத்தோழி ஏன் என்னைவிட நேர்மையாக இருக்கிறாள். விடுமுறையில் வந்து ஒருவரிடம் கேட்டேன். “அதெல்லாம் யோசிக்காதே, ஜெபி” என்றார். நான் ஜெபித்துக்கொண்டுதான் கேட்டேன். பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவர் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுகிறதைக் கேட்டு, அவர்களை வினாவினார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த அதிகாரம் முடிகிற வசனத்தில்தான் அவர் ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்று வருகிறது. கேள்வி கேட்டதும் அந்த வளர்ச்சியில் சேர்ந்ததுதானே?

தானியேலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எப்போதும் உதாரணம் காட்டுவீர்கள். பாபிலோனில் அவனுக்கு வைத்த படிப்பு மூன்று வருடம். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மறுக்காமல் படித்தான். பெல்தெஷாத்சார் என்ற பெயரைச் சுமந்தான். ராஜாவின் சாப்பாடு என்ற ஓரிடத்தில் மட்டும் தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணினான். அதையும் சண்டை போட்டுச் செய்யவில்லை. தலைவனிடம் அனுமதி கேட்டான், பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொன்னான். எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்கிற அந்தத் தெளிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நெருக்கடி வந்தபோது அவன் நேரே வீட்டுக்குப் போய் அனனியா, மீஷாவேல், அசரியா என்ற மூன்று பேரிடம் சொல்லி ஜெபிக்க வைத்தான். தானியேலைப் பிரசங்கிக்கிறவர்கள் அந்த மூன்று பேரை அக்கினிச்சூளைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். தனியாக யாரும் தானியேல் ஆனதில்லை.

சோஃபி ஷோல் என்ற பெண்ணைப்பற்றி வாசித்தபோதும் இதையே கண்டேன். ஜெர்மனியில் முனிச் பல்கலைக்கழகத்தில் உயிரியலும் தத்துவமும் படித்தவள். லூத்தரன் சபையில் வளர்ந்தவள். ஹிட்லரின் ஆட்சிக்கு எதிரான துண்டறிக்கைகளை 1943 பிப்ரவரி 18இல் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வைத்தபோது அண்ணனோடு பிடிபட்டாள். 22ஆம் தேதி இருவரையும் கொன்றுவிட்டார்கள். அவளுக்கு வயது 21. அந்தத் துணிச்சல் அந்த நான்கு நாளில் வந்ததல்ல. அதற்கு முன்பே, கட்டாய உழைப்புப் பணியில் தனிமைப்பட்டிருந்த மாதங்களில் பழங்காலத் திருச்சபைப் போதகர் அகஸ்தீனை வாசித்தாள். நாட்குறிப்பில் ஜெபங்களை எழுதினாள், அவற்றில் தன் விசுவாசத்தின் வறட்சியை மறைக்காமல் எழுதினாள். அண்ணனோடும் நண்பர்களோடும் சேர்ந்து வாசித்தாள், வாதித்தாள். எங்கள் கூட்டங்களில் அவளைப்போன்ற ஒருத்தி எழுந்து, என் ஜெபம் வறண்டுகிடக்கிறது என்று சொன்னால், அவளை என்ன செய்வோம்?

போதகர்களுக்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். சார்லஸ் சிமியோன் 1782 முதல் 1836இல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில் ஒரே சபையின் போதகராக இருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவர்களைத் தம் அறைகளுக்கு அழைத்து, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று உட்காருவார். கேட்கிறவர்களுக்கு அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். அங்கிருந்து எத்தனையோ ஊழியர்கள் எழும்பினார்கள். அந்த அறையில் பெண்கள் இருந்திருக்க வழியில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுத்ததே 1948இல்தான். இன்றைக்கு நாங்கள் எல்லா வகுப்பறையிலும் இருக்கிறோம். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஐயா, மாதம் ஒரு மாலை போதும். பிரசங்கம் வேண்டாம். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம் என்று நீங்கள் சொன்னாலே எங்களுக்கு உங்கள்மேல் மரியாதை கூடும்.

பெண்கள் ஐக்கியத்து அம்மாமார்களிடம் நான் கேட்பது வேறு. தீத்து 2, முதிர்ந்த பெண்கள் இளம்பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கிறது. கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்வதை நாங்கள் நிறையக் கேட்டாயிற்று. எங்களுக்கு வேண்டியது, மாதம் இரண்டு தடவை போனில் கூப்பிட்டு, “இந்த வாரம் எதுல விழுந்தே?” என்று பயமில்லாமல் கேட்கக்கூடிய ஓர் அக்கா. தான் விழுந்த கதையையும் சொல்லக்கூடியவர். நான் சொன்னதை அடுத்த நாள் ஜெபக் குறிப்பாக்காதவர். எனக்கு அப்படி ஒருவர் மூன்றாம் வருடத்தில் கிடைத்தார், நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஆய்வக நோட்டு, அறைத்தோழி இரண்டையும் நான் முதலில் மனம்திறந்து சொன்னது அவரிடம்தான். அவர் அதிகம் பேசவில்லை. தான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு தோழிக்குச் செய்த துரோகத்தைச் சொன்னார், அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க இருபது வருடம் ஆனது என்றார். என் ஜெபம் அன்றைக்குப் பிறகு மாறிவிட்டது.

விடுமுறைக்கு வருகிற பெண்ணிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையும் கொஞ்சம் மாற்றுங்கள். அங்கே சபைக்குப் போகிறாயா, ஜெபிக்கிறாயா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வோம். யாரிடமாவது மன்னிப்புக் கேட்டாயா, படிக்கிற பாடத்தில் எது உன்னை ஆண்டவர் முன்னால் வியந்து நிற்கவைத்தது, உன் அறையில் இருக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. நின்று காத்திருங்கள்.

விழுந்துபோனவள் திரும்பி வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் முன்னாலேயே பேசி முடிவெடுத்து வையுங்கள். அவள் வாசலில் வந்து நிற்கிற நாளில் யோசிக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

நாங்கள் மூன்று பேர் அன்றைக்கு முன்னால் முழங்கால்படியிட்டோம். ஒருத்தி இப்போது விசுவாசத்தில் இல்லை. அவளுக்கு என் எண் தெரியும், எனக்கு அவள் எண் தெரியும், பிறந்தநாளுக்குப் பேசிக்கொள்கிறோம். “அந்த நாள் உங்க எல்லாருக்கும் என்மேல பயம் இருந்துச்சு, நம்பிக்கை இல்லை” என்று ஒரு தடவை சொன்னாள். அதை உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லு என்றாள்.

அடுத்த மாதம் நம் சபையிலிருந்து இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களையும் முன்னால் அழைத்துக் கைவைத்து ஜெபிப்பீர்கள். ஜெபம் முடிந்த கையோடு அவர்களை வாசலுக்கு அனுப்பிவிடாமல், சபையைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, “இந்தப் பிள்ளைகளோடு இந்த மூன்று வருடமும் யார் நடப்பீர்கள்?” என்று கேளுங்கள் ஐயா. அந்த ஞாயிறு நான் ஊருக்கு வருகிறேன். நான் கை தூக்குவேன். இன்னொரு கை வேண்டும்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையில் வளர்ந்த மகள்